கல்லி ஃபாயிலோடு முதல் பயணம்: புதிய வாசகருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்க எழுத்தாளர் ஆல்ஃபிரட் பெஸ்டரின் 'தி ஸ்டார்ஸ் மை டெஸ்டினேஷன்' நாவலைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்தால் நாலு விதமாகச் சொல்வார்கள். அறிவியல் புனைகதையில் இதைத் தாண்டி ஒன்றுமில்லை என்பார் ஒருவர். அதன் நாயகன் கல்லி ஃபாயிலைச் சகிக்க முடியவில்லை, பாதியில் மூடிவிட்டேன் என்பார் இன்னொருவர். முதல் பாதி பிரமாதம், கடைசியில் எழுத்தாளருக்கு என்னவோ ஆகிவிட்டது என்பார் மூன்றாமவர். நாலாமவர் புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்திருப்பார். அதற்கு மேல் கேட்கக்கூடாது.

புகழ்கிறவர்களும் திட்டுகிறவர்களும் பெரும்பாலும் ஒரே பக்கங்களைத்தான் காட்டுகிறார்கள். அதனால் பிறர் கருத்துகளைப் படித்துவிட்டு இந்த நாவல் நமக்குச் சரிவருமா என்று முடிவு செய்வது கஷ்டம். தகராறு எந்தெந்த இடங்களில் நடக்கிறது என்று தெரிந்துகொண்டு உள்ளே போவது சுலபம். அதற்கான வழியைக் கீழே படிப்படியாகச் சொல்லியிருக்கிறேன். முடிவைப் பற்றிக் கடைசிப் படியில்தான் பேசுகிறேன். நாவலை முடிக்காதவர்கள் அதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளலாம்.

படி 1: பிரதியைத் தேர்ந்தெடுங்கள்

இந்த நாவலுக்கு இரண்டு பெயர். 1956-இல் பிரிட்டனில் நூலாக வந்தபோது 'டைகர்! டைகர்!' என்று பெயர். ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கின் புலிக் கவிதையிலிருந்து எடுத்தது. அமெரிக்காவில் 'கேலக்ஸி' இதழில் 1956 அக்டோபர் முதல் 1957 ஜனவரி வரை நான்கு பகுதிகளாகத் தொடராக வந்தபோது 'தி ஸ்டார்ஸ் மை டெஸ்டினேஷன்' ஆனது. இன்று பரவலாக வழங்குவது இந்தப் பெயர்தான். வேறு வேறு நாவல்கள் என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிடாதீர்கள். பிரிட்டிஷ், அமெரிக்கப் பிரதிகளுக்குள் சில்லறை வித்தியாசங்கள் உண்டு. முதல் வாசிப்புக்கு அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது பக்க அமைப்பைப் பற்றி. நாவலின் பிற்பகுதியில் ஃபாயிலின் புலன்கள் ஒன்றோடொன்று மாறிக் குழம்புகின்றன. ஒலி கண்ணுக்குத் தெரிகிறது, நிறம் வலிக்கிறது, தொட்டால் ருசி தெரிகிறது. அதைச் சொல்லிக்கொண்டிராமல், எழுத்துகளையே வளைத்தும் சிதறவிட்டும் பக்கத்தில் வரைந்து காட்டுகிறார் பெஸ்டர். சின்னக் கைபேசித் திரையில் இந்தப் பக்கங்கள் கலைந்துபோக வாய்ப்பு அதிகம். முடிந்தால் அச்சுப் புத்தகமாக வாங்குங்கள். மின்னூல்தான் என்றால், அந்த இடம் வரும்போது பெரிய திரைக்கு மாறிக்கொள்ளுங்கள். அந்தப் பகுதி புரியவில்லை என்று குறை சொல்லும் சிலர் அதைச் சரியான வடிவத்தில் பார்த்தார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

எழுத்தாளர் நீல் கெய்மனின் முன்னுரையோடு வரும் பதிப்புகள் இருக்கின்றன. நல்ல முன்னுரை. ஆனால் கடைசியில் படியுங்கள்.

படி 2: இவ்வளவு தெரிந்தால் போதும்

பின்னட்டைக் குறிப்பைத் தவிர்த்துவிடுங்கள். கதைச் சுருக்கங்களையும்தான். கீழே இருப்பதே தேவைக்கு அதிகம்.

25-ஆம் நூற்றாண்டு. மனிதர்கள் மனத்தின் பலத்தால் மட்டும் ஓரிடத்திலிருந்து மறைந்து இன்னோரிடத்தில் தோன்றக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இதை முதலில் கண்டுபிடித்தவரின் பெயரால் 'ஜாண்ட்' என்கிறார்கள். ஒரே தாவலில் அதிகபட்சம் ஆயிரம் மைல் போகலாம். கிளம்பும் இடமும் சேரும் இடமும் மனத்தில் தெளிவாக இருக்க வேண்டும். விண்வெளியைக் கடந்து யாரும் ஜாண்ட் செய்ததில்லை. சூரியனுக்கு அருகிலுள்ள கோள்களுக்கும் தூரத்துத் துணைக்கோள்களுக்கும் இடையே போர் நடக்கிறது.

அந்தப் போரில் சிதைந்த 'நோமாட்' என்ற கப்பலில் ஒரே ஒருவன் உயிரோடு மிஞ்சியிருக்கிறான். கல்லி ஃபாயில், கடைநிலை மெக்கானிக். படிப்பு இல்லை, திறமை இல்லை, இவனைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல யாருமில்லை என்று கப்பல் நிறுவனத்தின் பதிவேடே சொல்கிறது. நான்கடிக்கு நான்கடி, ஒன்பதடி உயரமுள்ள ஒரு கருவிப் பெட்டிக்குள் 170 நாட்களாகச் செத்துக்கொண்டிருக்கிறான். 'வோர்கா' என்ற கப்பல் அந்தப் பக்கமாக வருகிறது. வெளிச்சக் குறிகளைக் கொளுத்திவிடுகிறான். கப்பல் வேகத்தைக் குறைக்கிறது, பார்க்கிறது, போய்விடுகிறது.

அதுவரை சாவை ஒத்திப்போடுவதைத் தவிர வேறெதற்கும் மெனக்கெடாத அந்த ஆள், அந்தக் கணத்தில் விழித்துக்கொள்கிறான். நாவல் முழுவதையும் ஓட்டிக்கொண்டு போவது அந்தக் கோபம்தான்.

இதற்கு விதை எங்கிருந்து வந்தது என்று பெஸ்டரே எழுதியிருக்கிறார். நியூயார்க்கை அடுத்த ஃபயர் ஐலண்ட் தீவில் அவர் தங்கிய குடிலில் பழைய 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' இதழ்கள் குவிந்து கிடந்தனவாம். அவற்றில், இரண்டாம் உலகப் போரில் கப்பல் மூழ்கி, மிதவையில் தனியாக நாலு மாதம் போல உயிர்வாழ்ந்த ஒரு சமையல் உதவியாளரைப் பற்றிய செய்தி. அவரைப் பார்த்த கப்பல்கள் சில, ஜெர்மன் நீர்மூழ்கிகள் வைத்த பொறியாக இருக்கலாம் என்று பயந்து திரும்பாமலே போய்விட்டனவாம். அந்த ஒரு விவரம் பெஸ்டரைப் பிடித்துக்கொண்டது.

படி 3: முகப்புப் பகுதியைப் படிக்காமல் தாண்டாதீர்கள்

ஃபாயில் வருவதற்கு முன்பு சில பக்கங்கள் அந்தக் காலத்தை விவரிக்கின்றன. கதை எப்போது ஆரம்பிக்கும் என்று பொறுமையிழந்து பலர் புரட்டிவிடும் இடம் இது. புரட்டாதீர்கள், ஏனென்றால் நாவலின் பெரிய சாதனை என்று நான் நினைப்பது இங்கேதான் தொடங்குகிறது.

எல்லோரும் எங்கே வேண்டுமானாலும் தோன்றலாம் என்றால் என்ன ஆகும்? போக்குவரத்துத் தொழில் நசிந்துபோகும். திருடர்கள் பூமியைச் சுற்றி இரவோடு இரவாகத் தாவிக்கொண்டே இருப்பார்கள். பணக்காரர்கள் வீட்டைப் புதிர்ப்பாதையாகக் கட்டுவார்கள், உள்ளே இருக்கும் இடம் வெளியாளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. மேட்டுக்குடிப் பெண்களை ஜன்னலில்லாத அறைகளில் பூட்டி வைப்பார்கள். தொழில்நுட்பம் முன்னேற முன்னேற ஒழுக்கவிதி நூறு ஆண்டு பின்னால் போகும். ஏழையும் ஜாண்ட் செய்கிறான் என்பதால், ஜாண்ட் செய்யாமல் பழங்கால வண்டியில் ஆடம்பரமாக வந்திறங்குவதே அந்தஸ்தாகிவிடும். பெரும் வணிகக் குலத்தின் தலைவரான பிரஸ்டீன் அப்படித்தான் வந்திறங்குகிறார்.

சிறைச்சாலை என்ன ஆகும்? பிரெஞ்சுப் பிரனீஸ் மலைக்கு அடியில், குகைகளுக்குள் கும்மிருட்டாக ஒரு சிறை. பெயர் கூஃப்ர் மார்ட்டல். சுவரும் பூட்டும் அங்கே இரண்டாம்பட்சம். தான் இருக்கும் இடம் தெரியாதவனால் கிளம்ப முடியாது. ஆகவே இருட்டே விலங்கு. ஒரே ஒரு விதியை வைத்துவிட்டு அது சட்டம், திருமணம், திருட்டு, பகட்டு என்று எங்கெல்லாம் போய்ப் பாய்கிறது என்று பார்க்கும் இந்தப் புத்தி 1956-இல் அபூர்வம். இன்றும் அப்படியொன்றும் மலிந்துவிடவில்லை.

இங்கே முதல் தகராறு. மனத்தால் தாவுவது எப்படி நடக்கிறது என்று நாவல் விளக்காது. பௌதிகம் துல்லியமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் எரிச்சலடைகிறார்கள், அவர்கள் சொல்வது உண்மையும்கூட. விண்வெளிப் பகுதிகளிலும் அறிவியல் தளர்வாகவே இருக்கிறது. நீங்கள் அந்தக் கட்சி என்றால் முதல் இருபது பக்கத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு வம்படியாகத் தொடர வேண்டியதில்லை.

படி 4: ஃபாயிலை விரும்ப முயலாதீர்கள்

இது நீளமான படி, ஏனென்றால் நாவலைக் கைவிடுகிறவர்களில் பலர் இங்கேதான் விடுகிறார்கள்.

பழிவாங்கும் கதை என்றால் நம் மனம் தானாகவே பாதிக்கப்பட்டவன் பக்கம் சாயும். பெஸ்டர் அந்தச் சாய்வை வைத்தே நம்மைச் சிக்கவைக்கிறார். பூமிக்குத் திரும்பும் ஃபாயில், தலையில் அடிபட்டவர்களுக்கு மறுபடி ஜாண்ட் கற்றுத்தரும் ராபின் வெட்னஸ்பரியிடம் மாணவனாகச் சேர்கிறான். ராபின் ஒரு பாதி டெலிபதி: அவள் நினைப்பது பிறர் மனத்தில் கேட்கும், பிறர் நினைப்பது அவளுக்குக் கேட்காது. அவளுடைய ரகசியம் ஒன்றைத் தெரிந்துகொண்டு மிரட்டுகிறான். பலாத்காரம் செய்கிறான். காட்சியாக விரிவதில்லை, வெட்டி நகர்ந்துவிடுகிறது. வேகமாகப் படிப்பவர் கவனிக்காமலே கடந்துவிடவும் கூடும். பிறகு யாராவது சொல்லித் திரும்பிப் பார்க்கும்போது அதிர்ச்சி இரட்டிப்பாகும். முன்கூட்டியே தெரிந்துகொண்டு படிப்பதே மேல் என்பதால் இங்கே சொல்கிறேன்.

இதை வைத்து நாவலையே ஒதுக்குகிறவர்கள் உண்டு. அந்தக் காலம் அப்படி என்று கையை உதறுகிறவர்களும் உண்டு. இரண்டாவது கூட்டத்தோடு எனக்கு ஒத்துவராது. நாவலே அதை மறந்துவிடவில்லை. ராபினுக்கு ஃபாயில் மேல் உள்ள வெறுப்பு அவளுடைய மனக்குரலாகவே நமக்குக் கேட்கிறது. தான் செய்தவற்றுக்குத் தண்டனை வேண்டும் என்ற எண்ணம் ஃபாயிலுக்குள் பின்னால் வளர்கிறது. அந்த அளவுக்கு பெஸ்டர் கணக்குப் பார்க்கிறார். ஆனால் கணக்கு முழுக்க ஃபாயிலின் மனச்சாட்சி சம்பந்தப்பட்டது. ராபினுக்கு என்ன நேர்ந்தது, அவள் அதை எப்படிச் சுமக்கிறாள் என்பதற்கு நாவல் போதிய பக்கங்கள் ஒதுக்கவில்லை. அவளுக்குக் கிடைக்கும் முடிவும் அவசர அவசரமாகக் கட்டியது. பெண் வாசகர்கள் பலர் வைக்கும் குற்றச்சாட்டு இதுதான், அதில் நியாயம் இருக்கிறது. பெண்களைப் பூட்டிவைக்கும் சமூகத்தை அவ்வளவு கூர்மையாகக் கிண்டல் செய்த அதே கை, தன் பெண் பாத்திரங்களைத் திடீர்க் காதலில் தள்ளிவிடும்போது உறுத்துகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஃபாயில் முதலில் பழிவாங்கத் துடிப்பது ஆட்களை அல்ல, கப்பலை. இரும்பால் ஆன வோர்காவையே வெடிவைத்துத் தகர்க்கப் பார்க்கிறான். கப்பலுக்கு என்ன தெரியும், உன்னை விட்டுவிட்டுப் போகச் சொன்ன ஆளைத் தேடு என்று சிறையில் ஒரு பெண் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜிஸ்பெல்லா மக்குவீன் என்ற அவள்தான் அவனுக்கு யோசிக்கவும் பேசவும் கற்றுத்தருகிறாள். பழிவாங்கல் அவ்வளவு மொட்டையாகத் தொடங்குவதைப் பார்த்துச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாத அந்த நிலைதான் நாவலின் சுவை.

ஃபாயிலின் பேச்சும் ஆரம்பத்தில் சிரமம் தரும். இலக்கணம் உடைந்த, துண்டு துண்டான ஆங்கிலம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அகராதியைத் தேடாதீர்கள். தொனி பிடிபட்டால் போதும். அவன் மாற மாற மொழியும் மாறுகிறது.

படி 5: டூமாவைத் தெரிந்திருந்தால் நல்லது, கட்டாயமில்லை

பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமாவின் 'மான்டே கிறிஸ்டோ பிரபு' (1844–46) கதைச் சட்டகத்தை எடுத்துக்கொள்ளும் எண்ணம் தனக்கு முன்பே இருந்ததாக பெஸ்டர் ஒப்புக்கொள்கிறார். சிறை, இருட்டில் கேட்கும் குரல் ஆசானாவது, புதையல், வேறு பெயரில் பெரும் செல்வனாகத் திரும்பி வருவது எல்லாம் அப்படியே இருக்கின்றன. டூமாவைப் படித்தவர்களுக்கு இரண்டாம் பாகத்தில் ஃபாயில் ஒரு சர்க்கஸையே இழுத்துக்கொண்டு மேட்டுக்குடி விருந்துகளில் நுழையும்போது இரட்டிப்பு வேடிக்கை. படிக்காதவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. டூமா சாவகாசமாகப் பழுக்கவைக்கிற பழியை பெஸ்டர் அடுப்பை முழுசாகத் திறந்துவிட்டுச் சமைக்கிறார்.

படி 6: வேகத்துக்கு ஈடுகொடுங்கள்

பெஸ்டர் காமிக்ஸுக்கும் வானொலி நாடகத்துக்கும் எழுதிப் பழகியவர். சில பக்கங்களுக்கு ஒரு திருப்பம் வந்தே தீரும். இன்னொருவர் தனி நாவலே எழுதக்கூடிய யோசனையை இவர் அரைப் பக்கத்தில் வீசிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். விபத்தில் கதிரியக்கம் ஏறி, யாரோடும் ஓர் அறையில் சில நிமிடங்களுக்கு மேல் இருக்க முடியாத துப்பறிவாளர் சால் டேகனம். சாதாரண வெளிச்சம் தெரியாமல் அகச்சிவப்பை மட்டும் காணும் ஒலிவியா. புலன்களைத் துண்டித்துக்கொண்டு வாழும் ஒரு சமயக் கூட்டம். விண்கற்களுக்கிடையே சிக்கிய பழைய கலங்களின் குவியலில் குடியிருந்துகொண்டு, விஞ்ஞானத்தையே சடங்காக ஜெபிக்கும் ஒரு குலம். ஃபாயிலின் முகத்தில் புலிபோலத் தெரியும் பச்சையைக் குத்துவது அவர்கள்தான். பிற்பாடு அதை அழித்த பிறகும், கோபம் வந்தால் ரத்தம் பாய்ந்து முகத்தில் மறுபடி சிவந்து எழும்.

மூச்சு வாங்குகிறது என்பவர்களும் தற்செயல்கள் அதிகம் என்பவர்களும் சொல்வது சரியே. என் யோசனை: இரண்டு மூன்று நீண்ட அமர்வுகளில் படியுங்கள். தினம் பத்துப் பக்கம் என்று பிட்டுப் பிட்டுப் படித்தால் வேகம் போய் ஓட்டைகள் மட்டும் கண்ணில் படும்.

பாத்திரப் பெயர்கள் வினோதமாகத் தோன்றினால், பிரிட்டன் வரைபடத்தைப் பாருங்கள். டேகனம், யோவில், வெட்னஸ்பரி எல்லாம் அங்கே ஊர்கள்.

படி 7: மற்றவர் கருத்துகளை இப்போது எடுங்கள்

நாவலை முடித்துவிட்டீர்கள் என்றால் பிறர் சொன்னதைப் படிக்க நல்ல நேரம். கருத்து சொல்பவர் எந்த வாசலால் உள்ளே வந்தார் என்று பாருங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஐம்பதுகளின் விமர்சகரான டேமன் நைட், மோசமான ரசனை, முரண்பாடு, தர்க்கமின்மை, அப்பட்டமான தகவல் பிழைகள் என்று அடுக்கினார். முடிவு மட்டும் கோரமான விதத்தில் மனத்தைத் தொடுகிறது என்றும் அவரே எழுதினார். ஒழுங்கான, பகுத்தறிவுக் கதைகளுக்குப் பழகியவருக்கு இந்த நாவல் ஒழுங்கீனமாகத் தோன்றியதில் வியப்பில்லை. வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்' (1984) வழியாக வருபவர்களோ, வணிகக் குலங்கள் அரசாங்கத்தை மிஞ்சுவதையும், ஃபாயில் உடம்புக்குள் கருவி பொருத்திக்கொண்டு நாக்கால் பல்லை அழுத்தினால் மின்னலாக நகர்வதையும் பார்த்து, எல்லாம் இங்கேயே இருக்கிறதே என்று மலைக்கிறார்கள். கிப்சனே இந்த நாவலின் பெரிய ரசிகர். இன்னொரு அறிவியல் புனைகதை எழுத்தாளரான ஜோ ஹால்டிமன் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் படிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பதினாறு வயதில் படித்தவர் எழுதும் புகழ்ச்சியையும் நாற்பதில் முதல்முறை படித்தவர் எழுதும் புகாரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். முன்னவர் நினைவில் வேகமும் நெருப்பும் தங்கியிருக்கும். பின்னவருக்கு ராபின் முதலில் தெரிவாள். நட்சத்திர எண்ணிக்கையை வைத்து ஒன்றும் தெரியாது. ராபினைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். எழுதாமல் வானளாவப் புகழ்ந்தால், அவர் எதைக் கவனித்தார் என்பதை அதை வைத்தே ஊகித்துக்கொள்ளலாம்.

படி 8: முடித்தவர்களுக்கு மட்டும்

கடைசி அத்தியாயங்களைப் பற்றித்தான் கடும் சண்டை. எண்ணத்தாலேயே வெடிக்கவைக்கக்கூடிய 'பைர்ஈ' என்ற பொருளை அரசிடமும் கொடுக்காமல் பிரஸ்டீனிடமும் கொடுக்காமல், ஊர் ஊராகத் தாவி சாதாரண மக்களிடம் எறிந்துவிடுகிறான் ஃபாயில். வாழ்வதா சாவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்கிறான். ஜனநாயகத்தின் உச்சம் என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹிரோஷிமாவுக்குப் பதினோரு ஆண்டு கழித்து இப்படி எழுதுவது பொறுப்பற்ற பித்து என்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்த இடத்தில் பயம்தான் வருகிறது. பெஸ்டரும் அதைத்தான் விரும்பியிருப்பார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எறிகிறவன் யார் என்பதை முந்தைய பக்கங்கள் முழுக்கச் சொல்லிவிட்டார். கொலை, பலாத்காரம் எல்லாம் செய்தவன் கையிலிருந்து வரும் நம்பிக்கை அது.

அதற்குக் கொஞ்சம் முன்னால், கதிர்வீச்சில் பழுதான ஒரு ரோபாட் பணியாளன் வாழ்க்கையைப் பற்றிப் பேசத் தொடங்கும். நாவலின் கருத்தைக் கடைசியில் இயந்திரத்தின் வாயில் வைத்துத் திணிக்கிறார் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். பழுதான இயந்திரம் சொல்வதை எவ்வளவு நம்புவது என்ற கேள்வியோடு அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பிரசங்கம் பாதி நகைச்சுவையாக மாறும்.

வோர்காவின் கட்டளையை இட்டவர் யார் என்பது தெரிந்த பிறகு, முதல் அத்தியாயத்தையும் மறுபடி புரட்டலாம். பழியை முடித்துக்கொள்ளும் திருப்தியை நாவல் ஏன் ஃபாயிலுக்குத் தரவில்லை என்பதில் வாசகர்கள் ஒத்துப்போவதில்லை. ஏமாற்றிவிட்டார் என்பவர்கள் பழிவாங்கல் கதையை எதிர்பார்த்து வந்தவர்கள். பழி வழியிலேயே கரைந்து வேறொன்றாகிவிட்டது என்பவர்கள் பக்கம் நான்.

அடுத்து என்ன படிப்பது என்றால், பெஸ்டரின் முந்தைய நாவல் 'தி டிமாலிஷ்ட் மேன்'. மனத்தைப் படிக்கும் போலீசார் உள்ள ஊரில் ஒருவன் கொலை செய்யத் திட்டமிடும் கதை. அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது 1953-இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது, சிறந்த நாவலுக்கான விருது அதற்குத்தான். ஃபாயிலை முடித்த கையோடு எடுக்காதீர்கள், இரண்டும் கலந்துவிடும். நடுவில் நிதானமாக எழுதிய வேறு யாரையாவது படித்துவிட்டு வாருங்கள்.